பொய்ப் புத்தகம் கீழே போகும்

பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் இருந்த கட்டிடத்தில் மூன்றாம் மாடிக்காரர்கள் எல்லோரிடமும் ஒரு கூடை உண்டு. கயிறு கட்டிய மூங்கில் கூடை. காய்கறிக்காரன் தெருவில் நின்று குரல் கொடுத்தால் பால்கனியிலிருந்து இறக்குவோம். அவன் வெண்டைக்காயைப் போட்டால் மேலே இழுத்துக்கொள்வோம். மாடிப்படி ஏறி இறங்கி முட்டி தேய்வதற்கு இது எவ்வளவோ மேல். எல்லார் வீட்டுக் கூடையிலும் காய்கறி வந்தது. அடுத்த வீட்டு மாமியின் கூடையில் புத்தகமும் வந்தது. வந்ததில் பாதிக்கு மேல் சில நாட்களில் அதே கூடையில் கீழே போயிற்று.

போகும்போது மாமி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாள்.

"பொய்!"

கீழே கைவண்டியோடு நிற்கும் பாய் கூடையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டுவார். அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். தாராவியில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். பழைய பேப்பருக்கு பம்பாயில் ரத்தி என்று பெயர். யுத்தத்துக்குப் பயந்து ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்கள் வீட்டுப் புத்தகமெல்லாம் அவர் கடையில்தான் வந்து குவிந்தது.

"என்னம்மா, இதுவும் பொய்யா? வெள்ளக்காரன் வீட்டுப் பொஸ்தவம்லா! தோல் அட்டை வேற!"

"அட்டை நிஜம்தான் பாய். உள்ளேதான் பொய்."

மாமி என்று வாய்க்குப் பழகிவிட்டதே தவிர, அவள் என்னைவிட ரொம்ப மூத்தவள் இல்லை. குள்ளமான உருவம். இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமுடி. பாலக்காட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள், இங்கிலீஷ் நன்றாக வாசிப்பாள். குழந்தை இல்லை. மாமா கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினார். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது கதவைச் சாத்தி, வெளியே பித்தளைப் பூட்டைப் போட்டு, அதை இழுத்துப் பார்த்து, சாவியைக் கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு படியிறங்குவார். சாயந்திரம் அவர் வந்து திறந்தால்தான் கதவு.

கல்யாணமான புதிதில் ஊர் புதிது என்று பூட்டினாராம். அப்புறம் யுத்தம் வந்தது. சோல்ஜர், திருடன், இருட்டடிப்பு என்று பூட்டினார். காரணங்கள் வந்து வந்து போயின, பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. கட்டிடத்தில் யாரும் இதை விசேஷமாக நினைக்கவில்லை. 'ரொம்ப ஜாக்கிரதையான மனுஷர்' என்று அவருக்கு நல்ல பேர்கூட இருந்தது. அவர் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகைப்பூ வாங்கி வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடிக்கிற புருஷனையாவது நாலு வார்த்தை திட்டலாம், பூ வாங்கி வருகிறவனை என்னவென்று திட்டுவது?

நான் மணமாகி வந்த புதுசு. என் வீட்டுக்காரரும் ஆபீஸ் போய்விடுவார். மாமி வீட்டில் பொது நடைப் பக்கம் இருந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விடுவேன். எங்கள் சிநேகிதம் முழுக்க அந்த ஜன்னல் கம்பி வழியாகத்தான் வளர்ந்தது.

மாமி கதைப் புத்தகம் தொடமாட்டாள். கதைப் பைத்தியமான எனக்கு அது பெரிய குறை.

"கதையிலே ஒருத்தி ராத்திரியோட ராத்திரியா கிளம்பிப் போயிடறா. எப்படிப் போனா, கதவு என்ன ஆச்சு, ஒண்ணும் கிடையாது. அதை நான் எப்படிடி சரிபாக்கறது?"

சரிபார்ப்பது, அதுதான் மாமி. எந்தப் புத்தகம் வந்தாலும் அதில் தன் இரண்டு அறைக்குள் செய்து பார்க்கக்கூடிய சங்கதி ஒன்றைத் தேடுவாள். செய்து பார்ப்பாள். புத்தகம் சொன்னபடி நடந்தால் மீதியையும் நம்பி வாசிப்பாள். நடக்காவிட்டால் கூடை. வெள்ளரிக்காய்த் தோலை மூலையில் வைத்தால் கரப்பான் பூச்சி அண்டாது என்று ஒரு வீட்டுக் குறிப்புப் புத்தகம் சொல்லிற்று. மாமி வைத்தாள். மறுநாள் என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு கரப்பான் அந்தத் தோலின் மேலேயே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அது பாவம், வாசிக்கலே போலிருக்கு," என்றேன்.

நட்சத்திரப் புத்தகம் ஒன்று வந்தது. இருட்டடிப்புப் புண்ணியத்தில் மாட்டுங்காவில் அப்போது வானம் நன்றாகத் தெரியும். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறிவைத்துக்கொள், சில வாரத்தில் அதே நேரத்துக்கு அது மேற்கே சாய்ந்திருக்கும் என்றது புத்தகம். எதிர்க் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டியை அடையாளம் வைத்துக்கொண்டு மாமி தினமும் பார்த்தாள். சொன்னபடியே அது தொட்டியைத் தாண்டிப் போயிற்று. அந்தப் புத்தகம் அலமாரியில் ஏறியது. "அது பாட்டுக்குப் போயிண்டே இருக்குடி," என்றாள் மாமி.

சரிபார்க்கவே முடியாத புத்தகங்களும் வரும். பனிமலை, கடலடி, பாலைவனம். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். எழுதினவர் எங்கேயாவது 'இது எனக்குத் தெரியவில்லை' என்று ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்று தேடுவாள். ஒரு இடத்தில் இருந்தாலும் போதும், வைத்துக்கொள்வாள். எல்லாம் தெரிந்தவன் எழுதினதை அந்த வீட்டில் சேர்ப்பதில்லை. மாமாவுக்கும் எல்லாம் தெரியும் என்பதை இங்கே நான் சொல்லித்தானாக வேண்டும்.

மாமி தப்புச் செய்ததும் உண்டு. தலைமுடி ஈரக் காற்றில் நீளும், வறண்ட காற்றில் சுருங்கும் என்று ஒரு விஞ்ஞானப் புத்தகம் சொன்னது. மாமி தன் தலையிலிருந்து நீளமான ஒரு முடியைப் பிடுங்கி ஜன்னல் கம்பியில் கட்டி, கீழ் நுனியில் ஒரு கொண்டை ஊசியைத் தொங்கவிட்டாள். ஊசி நிற்கிற இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தாள். நல்ல ஆடி மாதம். பம்பாய் மழை. துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். ஊசி அசையவே இல்லை. "பொய்!" என்று புத்தகம் கீழே போயிற்று.

முடியை அவிழ்க்க மறந்துவிட்டாள். மழை நின்று குளிர்காலம் வந்து எல்லார் உதடும் வெடித்தபோது, ஒருநாள் தற்செயலாகப் பார்த்தால் ஊசி பென்சில் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது! மழைக்காலம் முழுக்கக் காற்று ஒரே ஈரமாக இருந்தால் அது எப்படி அசையும்? மாமி துடித்துப் போனாள். பாயிடம் திருப்பிக் கேட்டாள்.

"அது பொட்டலம் மடிக்கப் போயிட்டேம்மா. அன்னைக்கே கடலைக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்."

நிஜம் சொன்ன புத்தகத்தைப் பொய் என்று சொல்லிவிட்டோமே என்று மாமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த முடியையும் ஊசியையும் எடுக்கவேயில்லை. அங்கேயே தொங்கவிட்டாள்.

அப்புறம்தான் துறைமுகத்தில் கப்பல் வெடித்த நாள் வந்தது. பட்டப்பகலில் கட்டிடம் குலுங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. என்ன ஏது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று யாரோ கத்தினார்கள். எல்லா மாடி ஜனமும் குழந்தை குட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடியது. நான் மாமியின் கதவுக்கு ஓடினேன். பூட்டை இழுத்தேன், உலுக்கினேன், அம்மிக் குழவியை எடுத்து வந்து ஓங்கி அடித்தேன். பித்தளையில் ஒரு கீறல் விழுந்ததோடு சரி. மாமி ஜன்னலில் நின்றாள்.

"நீ போடி."

"போகமாட்டேன்."

"போடீன்னா! ரெண்டு பேர் செத்து என்ன ஆகணும்?"

நான் போகவில்லை. கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் தடவையும் வெடித்தது. கட்டிடம் விழவில்லை. தெற்கே புகை எழும்பியது, அவ்வளவுதான். மாமா ஊர் முழுக்க நடந்து இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்து, கதவைத் திறந்து, "நல்ல வேளை, பத்திரமா உள்ளே இருந்தே," என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. பூட்டில் விழுந்த கீறலை மறுநாள் காலையில் விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம் பாய் வந்தபோது மாமி முதன்முதலாக இன்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டாள்.

"சட்டப் புத்தகம் இருந்தாக் கொண்டு வாங்கோ பாய்."

பாய் கொண்டு வந்தது கனமான புத்தகம். அட்டை இல்லை. கூடை பாதி வழியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மாமி நாள் கணக்கில் அதற்குள்ளேயே இருந்தாள். அப்புறம் ஒருநாள் ஜன்னலுக்கு வந்து ஒரு பக்கத்தைக் காட்டி, தமிழில் எனக்குச் சொன்னாள். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் போக உரிமை இருந்து, இன்னொருத்தர் அந்த ஆளைப் போகவிடாமல் ஒரு எல்லைக்குள் அடைத்து வைத்தால் அது குற்றம். யார் அடைத்தாலும் குற்றம்.

"புருஷனுக்கு விலக்குன்னு போட்டிருக்கான்னு அங்குலம் அங்குலமா தேடினேன். போடலே."

"அப்போ?"

"அப்போ என்ன, சரிபாக்கணும்."

சட்டத்தை இரண்டு அறைக்குள் எப்படிச் சரிபார்ப்பது? நானும் என் வீட்டுக்காரரும் போலீஸ் சௌக்கிக்குப் போனோம். அவருக்கு அதில் அவ்வளவு உற்சாகம் இல்லை, நான் இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். சிரிக்காமல் கேட்டார். ஒரு சாயந்திரம் வந்தும் விட்டார். மாமா அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். காலம் கெட்டுக் கிடக்கிறது, பெண்டாட்டியைப் பத்திரமாக வைக்காமல் என்ன செய்வது என்று தன் ஆபீஸ் இந்தியில் விளக்கினார். அதிகாரி தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, சமையலறை வாசலில் நின்ற மாமியைப் பார்த்தார்.

"கஹாங் ஜானா ஹை, பாயி?"

எங்கே போக வேண்டும் அம்மா என்றுதான் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் நடையில் நின்று மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லு, சொல்லு என்று என் மனசு அடித்துக்கொண்டது. மாமி வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். வார்த்தை வரவில்லை. அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்கேயும் போக வேண்டாம் என்கிறவளை யார் அடைத்து வைக்க முடியும் என்று படியிறங்கும்போது என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஜன்னலில் மாமியின் முகம் வீங்கியிருந்தது.

"எங்கேன்னு கேட்டுட்டான்டி. இத்தனை வருஷமா வெளியே, வெளியேன்னு நினைச்சிண்டிருந்தேன். எங்கேன்னு நினைக்கவே இல்லே. எனக்கு ஒண்ணுமே தோணலே."

நான் அழுதேன். கோபத்தில்தான். பாய் வந்து வண்டி மணியை அடித்தபோது அந்தச் சட்டப் புத்தகம் கூடையில் இறங்கும், 'பொய்' என்ற சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். நானே தூக்கிப் போட்டிருப்பேன். கூடை இறங்கவில்லை.

"பொய்தானே மாமி? இன்னும் என்னத்துக்கு வெச்சுக்கறேள்?"

மாமி ஜன்னல் கம்பியில் தொங்கிய முடியைக் காட்டினாள். ஊசி காற்றில் மெல்ல ஆடியது.

"அப்பவும் இப்படித்தான் அவசரப்பட்டேன். புத்தகம் ஒண்ணும் தப்பாச் சொல்லலே. போகணும்னு சொன்னவாளைத் தடுத்தாக் குத்தம்னுதான் போட்டிருக்கு. நான் எங்கேடி சொன்னேன்? சோதனைதான் தப்பு."

அதற்குப் பிறகு பல நாள் அவள் வாசிக்கவில்லை. சும்மா பால்கனியில் நின்றாள். எங்கே போவது என்று யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பாலக்காட்டில் அவளுக்கு யாரும் மிச்சமில்லை. கடற்கரையா, சினிமாவா என்று நான் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் தலையசைத்து ஒதுக்கினாள். புத்தகம் பொறுக்குகிற மாதிரியேதான் இதையும் பொறுக்கினாள். ஒருநாள் பாயின் வண்டி தெருமுனை திரும்பி மறையும்வரை பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"பாய் கடைக்குப் போகணும்."

"இவ்வளவுதானா?" என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அவர்தான் வாசலுக்கே கொண்டு வராரே!"

"அவர் வண்டியிலே எடுத்து வெச்சதைத்தான்டி கொண்டு வரார். அதுலேதான் நான் நல்லது, பொய்யின்னு பிரிச்சிண்டிருக்கேன். அவர் எடுத்து வைக்காத புத்தகம் என்னென்ன அங்கே கிடக்குன்னு எனக்குத் தெரியாது. நானே நின்னு, நானே குனிஞ்சு எடுக்கணும்."

நான் பலகையிலிருந்து எழுந்துவிட்டேன்.

"நாளைக்கு அவர் வந்து கதவைத் திறக்கறச்சே வாசல்லே வந்து நில்லு. ஒருத்தி போறாது, இன்னும் நாலு பேரைக் கூப்பிடு. கண்ணாலே பாத்தவா வேணும்."

நாலு பேரைச் சேர்ப்பது எனக்கு ஒரு வேலையா? மறுநாள் சாயந்திரம் என் வீட்டுக்காரர், மேல்மாடிப் பாட்டு வாத்தியார், அவர் சம்சாரம், பால்காரன் எல்லோரையும் ஏதேதோ சாக்குச் சொல்லி நடையில் நிறுத்திவிட்டேன். பாயையும் மாடிக்கு வரச் சொல்லியிருந்தேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு படி ஓரத்தில் கூச்சத்தோடு நின்றார். இவ்வளவு கூட்டத்தைப் பார்த்து மாமா கொஞ்சம் திகைத்தார். சாவியை எடுத்துத் திறந்தார். கதவுக்குப் பின்னாலேயே மாமி நின்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள்.

"நான் பாய் கடைக்குப் போகணும். தனியா."

அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. மாமா எங்களையெல்லாம் பார்த்துச் சிரித்தார்.

"அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை நானே அழைச்சிண்டு போறேன்."

"இல்லே. இப்போ. தனியா."

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். மாமாவின் சிரிப்பு போகவில்லை, ஆனால் கை தானாக எழும்பி வாசல் நிலையைப் பிடித்தது. கதவுக்குக் குறுக்கே அந்தக் கை ஒரு கட்டை மாதிரி நின்றது. மாமி அந்தக் கையைப் பார்த்தாள். கரப்பானையும் நட்சத்திரத்தையும் பார்த்த அதே பார்வை. அப்புறம் அதற்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"பாத்தியாடி? புத்தகம் நிஜம்."

சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஏதோ வைத்திருந்தாள் போலிருக்கிறது, பாத்திரத்தை இறக்குகிற சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மாமா மட்டும் யாருமில்லாத வாசலுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றார். அதை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் பாட்டு வாத்தியார்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நீர் இப்படிச் செய்வீர்னு நினைக்கலே, ஓய்," என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

ஒரு தடவை நடந்தால் தற்செயலாக இருக்கலாம் என்பதும் மாமியின் கொள்கை. மறுநாள் காலையில் மாமா பூட்டை எடுத்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "எனக்குப் போகணும்." நடை முழுக்கக் கேட்டது. அதற்கு மறுநாளும் சொன்னாள். கோபமில்லை, அழுகையில்லை, கடிகாரம் மணி சொல்வதுபோல் சொன்னாள். அந்த நேரத்துக்கு நான் வாசல் தெளிக்க வருவேன். பாட்டு வாத்தியார் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார். கீழ்வீட்டுக்காரர்களும் பார்க்க ஆரம்பித்தார்கள். அதே நடை, அதே பூட்டு. ஆனால் முன்பு பூட்டு விழுந்ததை யாரும் பார்த்ததில்லை, இப்போது எல்லோரும் பார்த்தோம். மாமா தலை குனிந்தபடி படியிறங்கினார். வர வர பூட்டை இழுத்துப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்.

மழை தொடங்கிய ஒரு காலையில் நான் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். மாமா கதவைச் சாத்தினார். "எனக்குப் போகணும்" என்று குரல் வந்தது. அப்புறம் பூட்டுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. செருப்புச் சத்தம்தான் படியில் இறங்கிப் போயிற்று. எட்டிப் பார்த்தேன். கதவில் வெறும் நாதாங்கி தொங்கியது.

இதோ வருவாள் என்று நின்றேன். வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. போய்க் கதவைத் தள்ளினேன். அந்த வீட்டுக்குள் பகல் வேளையில் நான் கால் வைத்தது அன்றுதான். மாமி சுவரில் சாய்ந்துகொண்டு, காலை நீட்டி, கடல் நீரோட்டங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, கதவு திறந்திருக்கு!"

"தெரியும்டி. இந்த அத்தியாயம் முடியட்டும்."

நான் அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கீழே பாயின் மணி அடித்தது. மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருப்பார். "எம்மா, கூடைய எறக்குங்க!" என்று கத்தினார். பால்கனி ஆணியில் கூடை நனைந்துகொண்டு தொங்கியது. மாமி பக்கத்தைத் திருப்பினாள், தலையைத் தூக்கவில்லை.

"வரேன்னு சொல்லு," என்றாள்.